தியாகமும் தைராக்ஸினும்

தாய்மைக்குத் தியாகமே லட்சணம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களைப் பற்றி வைத்திய சாஸ்திரம் கண்டு சொல்வதைக் கேட்கும்போது, தன்னைப் பேணுவது சுயநலம், தன்னை வருத்திக்கொள்வதே தர்மம் என்று நாம் வகுத்து வைத்திருக்கும் எல்லை அங்கே நிற்குமா என்ற சந்தேகம் எழுகிறது.

கருவிலுள்ள சிசுவின் தைராய்டுச் சுரப்பி 10, 12 வாரங்கள் ஆன பிறகே அயோடினைச் சேர்க்கத் தொடங்குகிறது. தன் தேவைக்குத் தானே சுரந்துகொள்ளக் கர்ப்பம் பாதி கடந்துவிடும். அதுவரையில், மூளை உருப்பெறும் அந்த வாரங்களிலெல்லாம், தாயின் ரத்தத்தில் ஓடும் தைராக்ஸின் என்ற தைராய்டுச் சுரப்பே இருவருக்கும் பொது. அதனால்தான், சுரப்பி மந்தப்பட்டு ஏற்கெனவே தைராக்ஸின் மாத்திரை சாப்பிட்டு வருகிறவள், நாள் தள்ளிப்போனது கர்ப்பம்தான் என்று உறுதியானவுடனே மருத்துவரைக் கண்டு, பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம் வரை அளவைக் கூட்டிக்கொண்டு, பாதிக் கர்ப்பம் வரை நாலு வாரத்திற்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவள் விழுங்குவது தனக்காகவா, பிள்ளைக்காகவா? பிறர் என்பதே இன்னும் பிரியாத இடத்தில் சுயநலம் எது, பரோபகாரம் எது?

"பிள்ளைத்தாய்ச்சி மாத்திரை சாப்பிடலாமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் வாஞ்சையோடு கேட்க, பயந்துபோய் நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டு, அவர்களை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது. 1914 டிசம்பர் 25-ஆம் தேதி அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் கெண்டல் என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்த தைராக்ஸின், அவர்கள் உடலே சுரந்திருக்க வேண்டிய வஸ்து. குறைந்ததை நிறைப்பதில் அந்நியம் ஏது? எல்லாம் வினைப்பயன் என்று சும்மா இருந்துவிடுவோரும் உண்டு. மருந்தின் உறுப்புகளை நான்காக வகுத்த வள்ளுவர், மருத்துவனுக்கும் முன்னே நோயாளியை வைத்தார். தன் நோயைத் தீர்ப்பதில் தனக்கும் ஒரு கடமை உண்டு என்று எண்ணாதவர் அப்படி வைத்திருக்க மாட்டார். வினையை நம்புகிறவளுக்கும் அந்தக் கடமை உண்டு.

சஷ்டிக்கோ வெள்ளிக்கிழமைக்கோ உபவாசம் இருக்க அவள் மனம் விழைந்தால், மருத்துவர் சம்மதிக்கும் அளவுக்கு இருக்கட்டும். விடிந்ததும் டப்பாவிலிருந்து உள்ளங்கையில் தட்டி, வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கும் அந்தப் பொட்டளவு மாத்திரையை மட்டும் விரதத்தின் பெயரால் விட்டுவிட வேண்டாம். அதன்பின் அரைமணி நேரமாவது காபிக்குக் காத்திருந்து, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுவதையும் நோன்பின் நியமங்களாகவே அவள் கொள்ளலாம்.