கடன்பட்ட வீட்டில் சாமி பங்கு

திருவொற்றியூர் சக்கரப்பாடித் தெருவில் செக்காட்டிப் பிழைத்த வணிகர் ஒருவர், வசதி இருந்தவரை கோயிலில் இரவும் பகலும் விளக்கேற்றிவந்தார். வசதி போயிற்று. விளக்கை மட்டும் அவர் விடவில்லை. உறவுக்காரர்களிடம் எண்ணெய் வாங்கி விற்று, கிடைத்த ஆதாயத்தில் ஏற்றினார். அவர்கள் எண்ணெய் தர மறுத்ததும் அடுத்தவர் செக்கில் கூலிக்குப் போனார். கூலி வேலையும் அற்றுப்போனபோது வீட்டுச் சாமான்களை விற்றார், வீட்டை விற்றார், கடைசியில் மனைவியையே விற்க ஊருக்குள் ஆள் தேடினார். வாங்க ஆளில்லை. எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தையே வார்ப்பதென்று கழுத்தை அரியத் தொடங்கியபோது இறைவன் வந்து கையைப் பிடித்தான் என்கிறது பெரியபுராணம். அறுபத்துமூவரில் ஒருவரான கலிய நாயனாரின் வரலாறு இது. அவருடைய குருபூசை ஆடி மாதக் கேட்டை நட்சத்திரத்தில் வருகிறது.

ஆடி, வடசென்னைக் கடலோரத்தில் கை வறண்டிருக்கும் மாதம். வறட்சி அதற்கு முன்பே தொடங்கிவிடும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். படகில் போகிறவருக்கு மட்டுமில்லை, ஏலத்தில் கூடை எடுத்துத் தெருத் தெருவாக விற்கும் பெண்ணுக்கும், ஐஸ் உடைப்பவருக்கும், வலை பின்னுகிறவருக்கும் வரும்படி சுருங்கிவிடும். மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். தடை முடிகிற நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். நோட்டு, சீருடை, ஃபீஸ் என்று அதற்கு ஒரு கைமாத்து. அது அடைவதற்குள் ஆடி பிறந்துவிடும். அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும், திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி கொடுக்க வேண்டும், நேர்ந்துகொண்டது ஏதாவது பாக்கி நிற்கும்.

ஆகவே கலிய நாயனாரின் கேள்வி இந்தப் பக்கத்து வீடுகளில் ஆண்டுதோறும் வந்து நிற்கிறது. கடன் அடையாத வீட்டில், சாமிக்கு என்று எடுத்துவைக்கும் பணம் யாருடைய பணம்?

தினவசூல் கடனான தண்டலின் கணக்கைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது பல இடங்களில் 8,500தான். பிடித்தம் முதல் நாளே போய்விடும். அப்புறம் தினம் 100 ரூபாய், 100 நாள். சாயங்காலம் வாசலில் வண்டி நிற்கும், “அக்கா, கார்டு” என்று குரல் வரும். 8,500க்கு 1,500 வட்டி என்று மேலோட்டமாகப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அசல் தினமும் திரும்பிக்கொண்டே இருப்பதால், அந்த நூறு நாளில் சராசரியாகக் கையில் இருக்கும் பணம் அதில் பாதிதான். ஆண்டுக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். கந்துவட்டித் தடைச் சட்டம் என்று அறியப்படும் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. வண்டிகள் இன்னும் வருகின்றன.

இந்த நிலைமையில் ஒரு வீட்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தினசரிச் செலவு எழுத ஆரம்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் எழுதுவது வீட்டுப் பெண். பால், கேஸ், பஸ், மாத்திரை, குழு லோன் தவணை, சீட்டு, தண்டல். எல்லாவற்றையும் கை தயங்காமல் எழுதும். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலில் ஏற்றிய நெய்விளக்கு, பூ, உண்டியலில் போட்டது என்று வரும்போதுதான் பேனா நிற்கும். சாமிக்குக் கொடுத்ததைக் கணக்கு எழுதலாமா என்று ஒரு கூச்சம். எழுதினால் கணக்குப் பார்த்துக் கும்பிட்டதாகிவிடுமோ என்ற பயம். அந்த வரி விடுபட்டுப்போகிறது, மாதக் கடைசியில் கூட்டும்போது சில நூறு ரூபாய் இடிக்கிறது.

அந்தக் கூச்சத்துக்கு நம் மரபில் ஆதாரம் குறைவு. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இல்லறத்தான் பேண வேண்டிய ஐந்து இடங்களை எண்ணிச் சொல்கிறது: இறந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். இதற்கு உரை எழுதிய பரிமேலழகர், அரசனுக்கு ஆறில் ஒரு பங்கு மட்டும் வரியாக இருப்பதற்குக் காரணமே மீதி ஐந்து பங்கும் இந்த ஐந்துக்கும் வேண்டியிருப்பதுதான் என்கிறார். இதைவிடத் தெளிவான குடும்ப பட்ஜெட் இல்லை. தெய்வத்துக்கு அதில் இடம் உண்டு, ஒரு பங்கு அளவுக்கு. ‘தான்’ என்பதற்கும் அதே அளவு. கடன்காரனுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. கடன் வந்து உட்காரும்போது ஐந்தில் எதையோ எழுப்பிவிட்டுத்தான் உட்கார்கிறது. எது எழுந்து போகிறது என்பதை நோட்டு மட்டுமே காட்டும். பெரும்பாலான வீடுகளில் முதலில் எழுந்து போவது ‘தான்’. எழுதுகிற பெண்ணின் காலைச் சாப்பாடு, போட வேண்டிய மாத்திரை, மாற்ற வேண்டிய கண்ணாடி. சாமி பங்கு கடைசிவரை அசையாது.

ராயபுரத்தில் படகுத் தொழிலாளர்கள் 1829-இல் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயத்தில் வாசிக்கப்படும் நற்செய்தி நூல்களும் இதைத் தொட்டிருக்கின்றன. பெற்றோருக்குச் சேர வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பது பற்றியது. இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், தொகை சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதச் சலிக்காதீர்கள் என்று பணிக்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் கடனைத் தீர்த்துவிட்டுப் போவதே முறை என்பது மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு. ஜப்பானில் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ 1904-இல் குடும்பக் கணக்கேட்டைப் பெண்களுக்காக அச்சிட்டுக் கொடுத்தபோது, கிறிஸ்தவரான அவருக்கு அது பக்திக்கு வெளியே இருந்த வேலையாகத் தோன்றவில்லை.

துறவின் பெயரால் கணக்கை இகழ்கிறவர்கள் பட்டினத்தாரைச் சொல்வார்கள். அவருடைய சமாதியும் திருவொற்றியூரில்தான், கடலைப் பார்த்து. காதற்ற ஊசியைக் கண்டு அத்தனை செல்வத்தையும் உதறிப் போனவர் அவர். ஆனால் அதே வரலாற்றில் சேந்தனார் என்ற கணக்கரும் இருக்கிறார். முதலாளி சொன்னபடி கருவூலத்தைத் திறந்து ஊருக்கு வாரிக் கொடுத்தவர், சோழ மன்னன் கணக்குக் கேட்டபோது சிறைக்குப் போனார். அவருடைய மனைவியும் மகனும் பட்டினத்தாரிடம் அழுது முறையிட்ட பிறகே விடுதலை. ஒருவர் உதறிய கணக்கு இன்னொருவர் தலையில் விழுந்தது. கலியரின் மனைவியும் அப்படித்தான். விற்பனைக்கு நிறுத்தப்பட்ட அந்த அம்மையாரின் பெயரைக்கூடப் புராணம் நமக்குத் தரவில்லை. நாயனாரின் அன்பை வணங்கும்போதே, அந்தப் பெண்ணின் நிலையிலிருந்தும் கதையை ஒரு தடவை படிக்க வேண்டும். கணவர் நேர்ந்துகொண்ட மொட்டைக்கும் காதுகுத்துக்கும் தாலியை அடகு வைக்கும் பெண்கள் எண்ணூரிலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கிறார்கள்.

கலியர் விளக்கேற்றிய அதே கோயிலின் கல்வெட்டுகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. பல்லவர், சோழர் காலத்தில் அங்கே நந்தாவிளக்கு வைத்தவர்கள் தினம் எண்ணெய் வாங்கித் தரவில்லை. பொன்னை முதலாகக் கொடுத்தார்கள், அல்லது ஒரு விளக்குக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று ஆடுகளை விட்டார்கள். பொன்னின் வட்டியிலும் ஆட்டின் நெய்யிலும் விளக்கு எரிந்தது. அந்த முதலில் கை வைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. எவ்வளவு பொன், யார் பொறுப்பு, ஆண்டுக்கு என்ன வட்டி என்பதெல்லாம் இறைவன் சந்நிதிச் சுவரிலேயே வெட்டப்பட்டது. அங்கே கணக்கு எழுதக் கூச்சப்பட்டவர் யாருமில்லை.

இதை வைத்துப் பார்த்தால் கடன்பட்ட வீட்டின் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. சாமி பங்கை நோட்டில் எழுத வேண்டும், எடுத்துவிடக் கூடாது. எவ்வளவு நெருக்கடியிலும் பத்து ரூபாய்க்கு விளக்கேற்றும் உரிமை ஏழைக்கு உண்டு. அதைப் பறிப்பது கடனைவிடக் கொடுமை. ஆனால் அந்தப் பத்து ரூபாய் சம்பாதித்ததாக இருக்க வேண்டும். தண்டலில் வந்த பணத்தில் செய்கிற நேர்த்தியில், பிள்ளையின் ஃபீஸையும் தன் மாத்திரையையும் சேர்த்தே அந்தப் பெண் காணிக்கையாக்குகிறாள். எந்த அம்மனும் அதைக் கேட்டதில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான், கடன் முடிந்த மாதத்தில் செய்யலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பாக்கி’ என்று எழுதிவைத்தால் அதுவும் நேர்மைதான்.

கடமை வீட்டோடு நின்றுவிடவில்லை, திருவிழா வரி வசூலிக்கிறவர்களுக்கும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப்போனபோது, பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவித்தது 12,500 ரூபாய். தொழில் நின்ற நாட்களுக்கு அது எத்தனை நாள் காணும் என்பதை எழுதிப் பார்த்த வீடுகளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டு வாசலிலும் திருவிழா வரி நோட்டு வந்து நிற்கிறது. கொடுக்கவில்லை என்றால் ஊருக்குள் பேர் கெடும் என்று கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

ஒற்றியூர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்று ஒரு பெயர் உண்டு. மன்னனின் வரி ஓலையில், வரிகளுக்கு நடுவே, இந்த ஊரை மட்டும் விலக்கித் தானே எழுதிச் சேர்த்தவன் என்பது ஐதீகம். ஓலை எழுதிய அதிகாரிக்கும் தெரியாமல் அந்த எழுத்து அதில் இருந்ததாம். அந்த ஊரில் விழாக் கமிட்டிக்காரர்கள் ஆடிக்கு முன்னால் உட்கார்ந்து பட்டியல் போடும்போது, தடைக்காலக் கடன் தீராத வீடுகளை வெளியே சொல்லாமல் விலக்கி எழுத முடியும். பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் ஆகும் செலவைக் கொஞ்சம் சுருக்கினால் போதும்.