இரண்டாம் தொடுதல்



மாற்கு எட்டாம் அதிகாரத்திலிருந்து இப்போது வாசிக்கக் கேட்டோம். பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை ஆண்டவரிடம் கூட்டி வருகிறார்கள். ஆண்டவர் அவரை ஊருக்கு வெளியே அழைத்துப் போய்த் தொடுகிறார். ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்: ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, ஆனால் மரங்களைப் போலத் தெரிகிறார்கள். ஆண்டவர் மறுபடியும் தொடுகிறார். அதன் பிறகுதான் எல்லாம் தெளிவாகிறது. இப்படி இரண்டு படியாக நடந்த குணமளிப்பு நற்செய்திகளில் இது ஒன்றுதான். மாற்கு மட்டுமே இதை எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 11ஆம் நாளை உலக நோயாளர் நாளாகத் திருச்சபை கொண்டாடும் இந்த மாதத்தில், இந்த வாசகம் என்னை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குத்தான் அழைத்துப் போகிறது. அங்கே படுத்து வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். அந்தக் குறுகிய குழாயும், காதை அடைக்கும் 'டக் டக்' சத்தமும், அசையாமல் இருக்கச் சொல்லும் குரலும் உங்களுக்குத் தெரியும். ஏன் இவ்வளவு நேரம் என்று நினைத்திருப்பீர்கள்.

உடலுக்குள்ளிருந்து வரும் சமிக்ஞை அவ்வளவு மெல்லியது. அதன்மேல் கருவியின் இரைச்சலும் உடலின் இரைச்சலும் படிந்திருக்கும். அதனால் ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கணினி கூட்டுகிறது. 16 முறை கூட்டினால் உண்மையான சமிக்ஞை 16 மடங்காகிறது. இரைச்சலோ தாறுமாறானது, தன்னையே அழித்துக்கொண்டு 4 மடங்குதான் வளர்கிறது. ஆகவே தெளிவு 4 மடங்கு கூடுகிறது. அதை 10 மடங்காக்க 100 முறை எடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் எர்ன்ஸ்ட், எல்லா அதிர்வெண்களையும் ஒரே துடிப்பில் எழுப்பிக் கணக்கீட்டால் பிரித்தறியும் வழியை 1960களில் வளர்த்தெடுத்தார். இப்படித் திரும்ப எடுப்பது அதனால்தான் எளிதாயிற்று. 1991இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மூளையின் வேதிப்பொருள்களை வெட்டாமல், துளைக்காமல் அளக்கும் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி இன்னும் கடினமானது. மருத்துவர் தேடும் பொருள்களைவிடத் தண்ணீரின் சமிக்ஞை சுமார் 10,000 மடங்கு பெரிது. முதலில் அதை அடக்குகிறார்கள். எஞ்சியதைக் கணினி கழிக்கிறது. பிறகுதான் வரைபடத்தின் அடியில் கிடந்த சிறு முகடுகள் தலைகாட்டுகின்றன. நரம்புச் செல்களில் இருக்கும் ஒரு பொருளின் முகடு தாழ்ந்திருந்தால், அந்தச் செல்கள் நலிகின்றன என்று பொருள். கோலின் என்ற வேதிப்பொருளின் முகடு உயர்ந்திருந்தால் கட்டி இருக்குமோ என்று மருத்துவர் யோசிக்கிறார்.

ஆனால் சுத்தம் செய்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இரைச்சலைப் போக்குகிறேன் என்று படத்தை அளவுக்கு மீறி மழுப்பினால் சிறு புண்ணும் சேர்ந்து அழிந்துவிடும். படத்தை உருவாக்கும் சில செயற்கை நுண்ணறிவு முறைகள், உள்ளீட்டில் மிகச் சிறிய மாற்றம் வந்தாலே இல்லாததைக் காட்டவும் இருப்பதை மறைக்கவும் கூடும் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. பார்க்க அழகாக இருக்கும் படம் நோயாளியை ஏமாற்றிவிடலாம். அதனால்தான் பொறுப்புள்ள மருத்துவர் மூல அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஐயம் இருந்தால் இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறார்.

பெத்சாய்தா மனிதர் நன்றிக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. அந்த அரைகுறைப் பதில் ஆண்டவரை வருத்தவும் இல்லை. நாமோ நோயாளியின் கட்டிலருகே நின்று "ஒண்ணுமில்லை, சரியாயிடும்" என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! அவர் சொல்ல வந்த பயத்தை, நம் நிம்மதிக்காக நாமே மழுப்பிவிடுகிறோம். வயதான அம்மா அதே வலியை நாலாவது தடவை சொல்லும்போது முகம் சுளிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் எது மாறாமல் வருகிறதோ அதுதான் அவருடைய நோவு. நாலாவது தடவையும் உட்கார்ந்து கேட்பவருக்குத்தான் அது பிடிபடும்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாரையாவது மறுபடியும் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருந்தால், தனியே அனுப்பாதீர்கள். உடன் போங்கள், வெளியே காத்திருங்கள். முடிவு வரும்வரை அவர் பேசினால் பேச விடுங்கள்.

ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள், அந்த அறைகளில் இரவும் பகலும் பணியாற்றும் தொழில்நுட்பர்கள், மென்பொருள் எழுதுவோர், படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவர்கள் எல்லாரையும் இப்போது நம் மன்றாட்டில் சேர்த்துக்கொள்வோம். எழுந்து நிற்போம்.