பெயர் உங்களுடையது, முத்திரை யாருடையது?

திருப்பதி ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று நிமிர்ந்து கடைப் பலகைகளைப் பாருங்கள். லாட்ஜில் கோபுரம், டிராவல்ஸில் கோபுரம், மெஸ்ஸில் நாமம், துணிக்கடையில் சங்கும் சக்கரமும். ஏழுமலையானைக் கும்பிட்டுக் கடை திறப்பது நம் வழக்கம். அதில் குறையே இல்லை. ஆனால் அவன் எல்லோருக்கும் பொது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனக்கே உரிமையாக்கிக்கொள்ள ஒருவர் வழக்காடினார். புனித நூலின் பெயரை யாரும் தனிச்சொத்தாகக் கோர முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூஜை அறையில் சாமியை வையுங்கள். பலகையில் உங்களை வையுங்கள்!

கோபுரத்தை விட்டவர்கள் செல்போனுக்குத் தாவுகிறார்கள். பெயரைத் தட்டினால் பத்து நிமிடத்தில் ரெடிமேட் லோகோ. சித்தூரில் மாங்கூழ் தொழில் தொடங்குகிற இளைஞர் ‘மாம்பழம்’ என்று தேடி எடுக்கிற அதே படத்தை, ரத்னகிரியில் ஒருவரும் எடுக்கலாம். கேன்வா போன்ற செயலிகளின் லோகோ மாதிரிகள் எல்லோருக்கும் திறந்தவை; அவற்றை உங்கள் டிரேட்மார்க்காகப் பதிய முடியாது. ட்விட்டருக்கே இது நடந்தது. தொடக்கத்தில் அது காட்டிய பறவை, சைமன் ஆக்ஸ்லி வரைந்து ஐஸ்டாக் தளத்தில் விற்பனைக்கு வைத்த படம். வாங்கிய படத்தை லோகோவாக்க அந்தத் தளத்தின் விதி இடம் தரவில்லை. ட்விட்டர் தனக்கென வேறு பறவை வரைந்துகொண்டது. ராத்திரி பகலாக உழைத்து நீங்கள் சேர்க்கிற நல்ல பெயரை, நாளைக்கு எவனோ ஒருவனும் ஒட்டிக்கொள்ளக்கூடிய படத்தின் மேலா ஏற்றி வைப்பீர்கள்?

புத்தூரை நினைத்துப் பாருங்கள். எலும்பு முறிவுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த கட்டு, தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ‘புத்தூர் கட்டு’ என்று பலகையாகத் தொங்குகிறது. அசல் எது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? புகழ் பரவியது, அதைக் கட்டிக்காக்க ஓர் அடையாளம் இல்லை.

“நாங்கள் சின்ன ஊர்க்காரர்கள், எங்களுக்கு எதற்கு அதெல்லாம்?” இந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சித்தூர் மாவட்டத்துப் பேட்டமிட்டக்காரர் கல்லா ராமச்சந்திர நாயுடு, அமெரிக்காவில் பொறியாளராக இருந்தவர். திரும்பி வந்து 1985இல் அமர ராஜாவைத் தொடங்கினார். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியிலிருந்து 2000இல் ‘அமரான்’ கார் பேட்டரி வந்தது. சந்தையில் ஏற்கெனவே ஜாம்பவான்கள். அவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டா அது வந்தது? தனக்கென ஒரு பெயர், தனக்கென ஒரு பச்சை. இன்று பேட்டரிக் கடையில் தூரத்திலிருந்தே அந்தப் பச்சை தெரிகிறது. ஊர் சின்னதுதான், நெஞ்சு சின்னதாக இல்லை!

பணம் இல்லையா? 1971இல் நைக்கியின் சின்னத்தை வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. கூலி 35 டாலர். பக்கத்துக் காளஹஸ்தியில், மூங்கில் குச்சி நுனியில் துணி சுற்றிய பேனாவால் கோடு இழுக்கிற கலம்காரிக் கைகள் இருக்கின்றன. அந்தக் கலைக்காக ஜொன்னலகட்ட குர்ரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். இத்தனை கைகள் உள்ள மண்ணில், முகம் தெரியாத மாதிரிப் படமா உங்களுக்கு வேண்டும்? அதுவும் நம் பலகையில் தெலுங்கு வேண்டும், தமிழ் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். மூன்று எழுத்தும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல நிற்க வேண்டுமென்றால், அந்த வளைவுகளை அறிந்த ஒருவர் உட்கார்ந்து வரைந்தாக வேண்டும். ரெடிமேடில் அது வராது.

அதற்கும் இன்று வசதி இல்லையென்றால் படமே வேண்டாம். பெயரை மட்டும் தெளிவான எழுத்தில் எழுதி மாட்டுங்கள். வெறும் பெயர், இரவல் படத்தைவிட ஆயிரம் மடங்கு கௌரவம்.

ஓவியர் லோகோவை வரைந்து தந்ததும் மயங்கிவிடாதீர்கள். ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் ரப்பர் ஸ்டாம்ப்பாக அடித்துப் பாருங்கள். பில் தாளில் அப்பிப்போனால் கூசாமல் திருப்பிக் கொடுங்கள். சரியாகிற வரை விடாதீர்கள். நன்றாக வந்ததா? காசைக் கொடுத்துக் கையோடு உரிமையை எழுதி வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி வாய்ப்பேச்சு செல்லாது. எழுத்திலும் காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டுதான். எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். மாங்கூழ் கப்பலேறப் போகிறதென்றால் ‘உலகம் முழுவதும்’ என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு டிரேட்மார்க் விண்ணப்பம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பதிவானால் பத்தாண்டு, அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட ஒதுக்கிய பணத்திலிருந்து இதை எடுங்கள், இந்த வாரமே!