மூன்று பேர்

‘பேர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. ஒருவனை அழைக்கும் நாமமும் பேர். ஆட்களை எண்ணும் எண்ணிக்கையும் பேர். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலோ ஒரு நாள் வேலைக்கு விழும் கூலியும் பேர்தான். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்துபோனால் அன்றைக்கு ‘அரைப்பேர்’. மனிதனுடைய நாமத்தைப் பாதியாக அரிந்து கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற இந்த வழக்கு காதில் விழும்போதெல்லாம், பொல்பிட்டியவில் வாழ்ந்து மறைந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் என் ஞாபகத்துக்கு வருவார். “நம்ம பிள்ளைகளுக்கு முழுப்பேர் போடுறது பள்ளிக்கூட இடாப்பில மட்டுந்தான்” என்று சொல்லிக்கொண்டே காலையில் இடாப்பைத் திறக்கிறவர் அவர். பெற்றோர் சூட்டிய நாமம் ஓரெழுத்தும் குறையாமல், தகப்பன் பேரோடு சேர்த்து உரக்க வாசிக்கப்படும். வராத பிள்ளையின் பேரும் அப்படியே.

தோட்டத்துப் பள்ளிகளை எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை, ஒரு மண்டபமும் ஓர் ஆசிரியரும் ஐந்து வகுப்பும் என்பதே அவற்றிற் பலவற்றின் இலக்கணம். அந்த உத்தியோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. இளைப்பாறிய பிறகு அவர் தம் பேரனுக்குத் தாத்தாவாக இருந்த விதமே என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. விஜயதசமியன்று ஏடு தொடக்கியபோது, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து அகரத்தை எழுதுவித்தார்; அடுத்து எல்லாரும் தெய்வத்தின் நாமத்தை எதிர்பார்த்திருக்க, தம் பாட்டனாரின் பேரை எழுதுவித்தார். அரிசி விலகி எழுத்து தெளிந்ததும் அதைக் கையால் கலைத்துவிட்டு, “இன்னொருக்கா எழுதுங்க” என்றார்.

அவருக்கும் எனக்கும் ஓயாத விவாதம் ஒன்று இருந்தது. ஆன்மாவுக்கு நாமமும் ரூபமும் இல்லையென்று வேதாந்தம் சொல்லுகையில், சிராத்தத்தில் மட்டும் இறந்தவர்களின் நாமத்தைச் சொல்லி அழைப்பது எதற்காக என்பது என் ஆக்ஷேபம். நதிகள் கடலிற் கலந்து தத்தம் பேரை இழப்பதுபோல் என்ற உபநிஷத உவமையை நான் எடுத்தால், அவர் வாசலுக்கு வெளியே கையைக் காட்டுவார். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் அங்கே பக்கத்தில்தான் கூடிக் களனி கங்கையாகின்றன. “ரெண்டு பேர் போச்சு, சரி, தண்ணி எங்க போச்சு?” என்பார். அவர் சைவ சித்தாந்தி. முத்தியிலும் ஆன்மா அழிவதில்லை, இறைவனோடு இரண்டறக் கலந்தும் தானாகவே நிற்கிறது என்று கொள்ளுகிற மெய்கண்டார் மரபினர். ஆனால் அந்த மரபும் நாமத்தை நித்தியமென்று சொல்லவில்லையே; நாமம் இந்த உடம்போடு வந்து உடம்போடு போவதுதானே என்று நான் மறுப்பேன். அதை அவர் ஒப்புக்கொள்வார். போனவருக்கு அந்தப் பேர் வேண்டியதில்லை, கூப்பிடுகிறவனுக்குத்தான் வேண்டும் என்பது அவர் முடிவு. சிராத்தம் என்ற சொல்லே சிரத்தையிலிருந்து பிறந்தது. சிரத்தை இருப்பவனுடைய குணம், இறந்தவனுடையதன்று.

இந்த முடிவுக்கு அவர் சாஸ்திரம் படித்து வந்தாரென்று நான் நினைக்கவில்லை; ஒரு சட்டமே அவரை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கை மண்ணில் பிறந்தவன்கூடப் பிரஜையாக வேண்டுமானால் அவன் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பிதா, பிதாமஹர், பிரபிதாமஹர் என்று ஆற்றங்கரையில் குருக்கள் கேட்கிற அதே மூவரைத்தான் கச்சேரியில் சட்டமும் கேட்டது. ஒரு வேற்றுமை உண்டு. நாமம் தெரியாதவன், பிதாவைப் பூமியில் இருப்பவர் என்றும், பிதாமஹரை அந்தரிக்ஷத்தில் இருப்பவர் என்றும், பிரபிதாமஹரை மேலுலகில் இருப்பவர் என்றும் சொல்லி நீர் வார்க்கலாமென்று சிராத்த விதி இரக்கத்தோடு வழிவிட்டிருக்கிறது. கச்சேரிக் குமாஸ்தாவிடம் போய், ‘என் பூட்டனார் மேலுலகில் இருக்கிறார்’ என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்! அந்தச் சிராத்த விதியும் தோட்டத்து ஜனங்களை நினைத்து எழுதப்பட்டதன்று. இவர்களுள் பலருடைய பாட்டன்மாரின் காதில் அந்த மந்திரங்கள் விழ அனுமதிக்கப்பட்டதே இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவர் கையெழுத்திட்டு இந்த மக்களை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டபோது, ‘பேர்’ என்ற சொல்லுக்கு எண்ணிக்கை என்ற ஒரு பொருள்தான் எஞ்சியிருந்தது. இலங்கையில் தங்கிவிட்டவர்களின் நாடற்ற நிலையை முடித்துவைக்க 2003ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது.

தம் பாட்டனாரின் பேரை அவர் எந்தத் தஸ்தாவேஜிலும் கண்டெடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில், லயமொன்றின் துக்க வீட்டில், கிழவியொருத்தி பாடிய ஒப்பாரியில் அது வந்ததாம். வெளியே தப்புச் சத்தம் ஓய்கிறவரை காத்திருந்து, அவளிடம் திரும்பச் சொல்லக் கேட்டு, பழைய இடாப்பொன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை பிற்காலத்தில் மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்ததன் அருமை, அந்த இடாப்பைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கிற்று.

அவர் காலமான அடுத்த ஆடி அமாவாசைக்கு நானும் ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகன் தர்ப்பைப் பவித்திரத்தோடு உட்கார்ந்து, தகப்பனார் பேரைச் சொன்னார். பாட்டனார் பேரைச் சற்று யோசித்துச் சொன்னார். மூன்றாவதற்கு வாய் வரவில்லை. குருக்கள் இது வழக்கந்தான் என்பதுபோல் தலையசைத்து மேலே போக இருந்தபோது, எள்ளுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற பேரன், “எனக்குத் தெரியும், சாமி” என்று சொல்லிப் பேரையும் சொன்னான். வகுப்பில் இடாப்புக்குப் பதில் சொல்லுகிற குரல். மகன் தலை நிமிராமல் அந்தப் பேரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, நீர் வார்த்தார். அந்தப் பேர் அந்தக் குடும்பத்தின் சொத்தாகையால் இங்கே எழுதவில்லை.

வீட்டில் மூத்தவர்கள் இன்னும் இருக்கப்பெற்ற வாசகர்கள் இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பேர்தான் தெரியும். மூன்றாவதைச் சொல்லக்கூடியவர் என் பெரிய அத்தை ஒருவர்தான். நான் கேட்கப் போவதற்கு முந்தின வருஷமே அவர் போய்விட்டார்.