கேட்காததைச் சொல்ல வேண்டுமா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி நண்பர் ஒருவர் சொன்ன விஷயம் இது. பழைய கார் வாங்கி விற்பவர். கடை கிடையாது, போர்டு கிடையாது. ஒரு செல்போன், தோளில் ஒரு பை, ஊருக்கு நாலு தெரிந்த ஆள். அவ்வளவுதான் முதலீடு. பெயர் வேண்டாம், புரோக்கர் என்றே வைத்துக்கொள்வோம். அவரும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

2019 தொடக்கம். கேரளா நம்பர் போட்ட டீசல் கார் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஐந்து வயசு வண்டி. ஓடியதும் குறைச்சல்தான். வெளியே பெயின்ட் பளபள. உள்ளே புது சீட் கவர், புது மேட், எலுமிச்சை வாசனை. அதற்குச் சில மாதம் முன்பு, 2018 ஆகஸ்டில்தான் பெரியாறு பொங்கி ஆலுவா பக்கமெல்லாம் தண்ணீரில் கிடந்தது. நெடும்பாசேரி விமான நிலையத்தையே இரண்டு வாரம் மூடி வைத்திருந்தார்கள்.

“தண்ணியில நின்ன வண்டியா?” என்று கேட்டேன்.

“டேஷ்போர்டு வரைக்கும்” என்றார், டீயை ஊதிக்கொண்டே.

முதலில் அந்த வண்டியைக் கேட்டது அவருடைய தங்கை வீட்டுக்காரர். “இது வேணாம் மாப்ள, வேற ஒண்ணு பாத்துத் தர்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பெண் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு கார் நிற்க வேண்டும் என்று ஆசை. இன்ஜினைக் கேட்டார், ஏ.சி.யைக் கேட்டார், டயரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. மார்க்கெட்டைவிட ஒரு லட்சம் கம்மி என்ற சந்தோஷத்தில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

“நான் பொய் ஒண்ணும் சொல்லலையே சார். அவர் கேக்கலை, நான் சொல்லலை.”

நீங்கள் என்ன சொல்வீர்கள்? தப்பா, சரியா? அவசரப்பட வேண்டாம். சட்டம் முதல் ரவுண்டில் புரோக்கர் பக்கம்தான் நிற்கிறது.

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 16-வது பிரிவு. வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்ற பழைய கொள்கை அங்கே உட்கார்ந்திருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதற்கும் முந்தைய 1872 ஒப்பந்தச் சட்டத்தில் 17-வது பிரிவு, மோசடி என்றால் என்ன என்று சொல்வது. விஷயம் தெரிந்தும் சும்மா இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்கிறது அது. உதாரணத்துக்கு ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று விற்கிறவனுக்குத் தெரியும். ஏலத்தில் வாயைத் திறக்காமல் விற்றுவிடுகிறான். இது மோசடி இல்லை.

நாங்களெல்லாம் பரீட்சைக்கு இந்த ஒரு குதிரையை மனப்பாடம் செய்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். ஆனால் அதே குதிரைக்கு அடுத்த உதாரணமும் அங்கேயே இருக்கிறது. வாங்குகிறவள் விற்கிறவனின் சொந்த மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால்? அப்போது சொல்லியே ஆக வேண்டும். உறவு அந்தக் கடமையைக் கொண்டுவந்து விடுகிறது.

இப்போது மறுபடி நம்ம புரோக்கரைப் பாருங்கள். மாப்பிள்ளையிடம் சொன்னார், பெரம்பலூர்க்காரரிடம் சொல்லவில்லை. அவர் அந்தப் பிரிவைப் படித்தவர் இல்லை. ஆனாலும் வரிக்கு வரி அதன்படிதான் நடந்திருக்கிறார்! ஆக, எதைச் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்தச் சண்டை இரண்டாயிரம் வருஷப் பழசு. ரோமாபுரி சிசரோ கி.மு. 44-ல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் வருகிறது. பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வியாபாரி கப்பலில் தானியம் கொண்டுவருகிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற குரு, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். சிஷ்யர் ஆன்டிபேட்டர், எதிரே நிற்பவனும் மனுஷன்தானே, சொல்லத்தான் வேண்டும் என்கிறார். சிசரோ ஓட்டு போட்டது சிஷ்யருக்கு.

எனக்கும் சிஷ்யர் பக்கம்தான் மனசு போகிறது. ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் வேறு. தூரம்.

உள்ளூரில் மாடு விற்கிறவனை யோசித்துப் பாருங்கள். அவன் வாயே திறக்க வேண்டாம். “அது உதைக்கும்டா” என்று சொல்லத் தெருவில் பத்து பேர் இருக்கிறார்கள். அங்கே விற்கிறவனின் மௌனம் பெரிய விஷயமே இல்லை, ஊர் பேசிவிடும். ஆலுவாவில் அந்தக் காரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! எதிர்வீட்டுக்காரர், கயிறு கட்டி இழுத்தவர், சேற்றை அள்ளிய மெக்கானிக். வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அத்தனை சாட்சியும் போச்சு. திருச்சிக்கு வந்து சேரும்போது உண்மை தெரிந்த ஆள் ஒரே ஒருவர்தான் பாக்கி. அவரும் வாயை மூடிக்கொண்டால், அந்த வண்டிக்குப் பழைய கதை என்பதே இல்லாமல் போய்விடுகிறது.

வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைப்பதில் பாதி ரகசியம் இந்த இடத்தில்தான். (மீதிக்கு நியாயமான காரணங்கள் உண்டு. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கு டெல்லியில் தடை என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளே தெற்கே கிளம்பி வந்தன.)

பேப்பர் காப்பாற்றாதா என்பீர்கள். பேப்பருக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபார்ம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்ற 29, 30. பேங்க் கடன் அடைந்ததற்கு 35. இங்கே வந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்கு வரி தனி. திருட்டு வண்டியா, கடன் பாக்கியா, எத்தனையாவது ஓனர், எல்லாம் வந்துவிடும். தண்ணீரில் நின்றதா என்பதற்கு மட்டும் ஆர்.சி.யில் கட்டமே கிடையாது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கிச் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. ரிப்பேர் செலவு கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கைகழுவி, ஏலத்தில் போட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர்கள் எல்லோரும் பேரீச்சம்பழத்துக்கா போட்டிருப்பார்கள்?

அமெரிக்காவில் கட்டம் இருக்கிறது. மூழ்கிய வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை குத்திவிடுவார்கள். 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த முத்திரையைக் கண்டுகொள்ளாத வேறு மாநிலத்துக்கு வண்டியை ஓட்டிப்போய்ப் புதுப் பத்திரம் வாங்கினார்கள். ‘பத்திரம் துவைப்பது’ என்று அதற்குப் பெயரே உண்டு. எல்லையைத் தாண்டினால் அழுக்கு போய்விடும் என்ற வித்தை அங்கேயும் தெரிந்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். தூங்க, சமைக்க அறை வைத்த மோட்டார் படகுகளை அங்கே நடுத்தர வர்க்கத்தினரும் பழசாக வாங்குகிறார்கள், பெரும்பாலும் வேறு மாநிலத்திலிருந்து. உப்புத் தண்ணீரில் கிடந்த படகா, ஏரியில் கிடந்த படகா என்பதில் விலையே மாறும். ஆகவே வாங்குகிறவர் தன் செலவில் ஒரு சர்வேயரை அமர்த்துகிறார். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தி, அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்து, பிறகு ஓட்டியும் பார்த்து, அப்புறம்தான் காசு. விற்கிறவர் கோபித்துக்கொள்வதில்லை. நம்ம ஊரில் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால், “என்ன சார், நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுண்டிவிடுகிறது.

நான் இதையெல்லாம் சொன்னபோது புரோக்கர் சிரித்தார். “நான் சொல்லி வித்தா, பக்கத்துக் கடைக்காரன் சொல்லாம விப்பான். எனக்கு வீட்ல உலை கொதிக்காது.”

இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001-ல் அவருக்கு நோபல் வந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம். விஷயம், பழைய கார் சந்தை! எது நல்லது, எது சொத்தை என்று வாங்குகிறவனுக்குத் தெரியாதபோது, எல்லாவற்றுக்கும் சொத்தை விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான், விலகிப்போவான். மிஞ்சுவது சொத்தை மட்டும். அகெர்லாஃப் அறுபதுகளில் டெல்லியில் ஒரு வருஷம் இருந்தவர். இந்தியக் குடும்பத் தலைவிகள் கடையில் வாங்கிய அரிசியில் உட்கார்ந்து கல் பொறுக்குவதும் அந்தக் கட்டுரையில் வருகிறது. நம் அம்மாக்களின் முறம் நோபல் பரிசு வரைக்கும் போயிருக்கிறது.

ஆனால் புரோக்கருடைய வாதத்தில் ஒரு ஓட்டை. பக்கத்துக் கடைக்காரனுக்குப் பயந்து அவர் மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு? உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் எழுபது, எண்பதாயிரம் குறைத்திருக்க வேண்டும். அந்தப் பணத்துக்காக அவர் எதிராளி தலையில் கட்டியது ஒயரிங்கை. தண்ணீரில் ஊறின கனெக்டர் உடனே மக்கர் பண்ணாது, உள்ளுக்குள்ளே பச்சை பூத்துக்கொண்டிருக்கும். ஏர்பேக்குக்குப் போகிற ஒயரும் அதில் ஒன்று. ராத்திரி துறையூர் ரோட்டில் லாரி எதிரே வரும்போது அந்தப் பை விரியுமா, விரியாதா? மாப்பிள்ளை உட்கார வேண்டாம் என்று அவர் நினைத்த சீட்டில் அந்தக் கல்யாணப் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

நாங்கள் நின்றிருந்த இடத்தின் பெயரே சத்திரம். ஊர், பேர், உறவு எதுவும் தெரியாத வழிப்போக்கனுக்குத் திண்ணையும் சோறும் கொடுத்த இடத்துக்குத்தான் நம் ஊரில் அந்தப் பெயர். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

சட்டத்தின் குதிரைக்கு மூன்றாவது உதாரணமும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவன் சொல்கிறான்: “நீ மறுக்கவில்லை என்றால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்.” விற்கிறவன் சும்மா இருக்கிறான். இங்கே அந்த மௌனம், பேசியதற்குச் சமம்.

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், போன வருஷம் பெங்களூருவில் ஒரு கார் பார்த்து வைத்திருந்தார். அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டினார். ‘வண்டி வெள்ளத்திலோ விபத்திலோ சிக்கியதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தவறென்றால் இன்று மாலைக்குள் சொல்லவும்.’ இரண்டு டிக்கும் நீலமாகின. அதுவரை மணிக்கொரு தரம் போன் பண்ணிக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. சார் இன்றைக்கும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்தான் சத்திரம் வந்து இறங்குகிறார்.