தோட்டமும் வாயிலும்

ஒருவர் தம் பொருட்செலவில், தம் மதிலுக்குள், தம் மனமகிழ்ச்சிக்காக ஒரு தோட்டம் அமைக்கிறார். ஆண்டில் ஒரு நாள் வாயிலைத் திறந்து, முன்பின் அறியாதவரையும் உள்ளே வரவிடுகிறார். இச்செயல் தானமாகுமா? அன்றித் தம் செல்வத்தைப் பிறர் கண்டு வியக்க வேண்டும் என்னும் ஆசைதானா? இவ்வினா சிறியதாகத் தோன்றலாம். தலைமுறை தலைமுறையாக வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் வழிவந்த நமக்கு இது சிறிய வினா அன்று.

இங்கிலாந்தில் 1927ஆம் ஆண்டு இதற்கென ஓர் ஏற்பாடு தோன்றிற்று. தோட்டங்களின் சொந்தக்காரர்கள் தலைக்கு ஒரு ஷில்லிங் பெற்றுக்கொண்டு பொதுமக்களை உள்ளே அனுமதித்தனர். அவ்வாண்டிலேயே 609 தோட்டங்கள் திறக்கப்பட்டன. சேர்ந்த தொகை 8,000 பவுனுக்கு மேல். அது ஏழை நோயாளிகளின் இல்லம் தேடிச் சென்று பணிபுரிந்த செவிலியரின் நலனுக்குப் போயிற்று. அவ்வேற்பாடு இன்றும் நடைபெறுகிறது. அமெரிக்காவிலும், பாஸ்டன் நகரின் பழம்பகுதியாகிய பீக்கன் ஹில்லில், செங்கல் வீடுகளுக்குப் பின்னே மறைந்து கிடக்கும் சிறு தோட்டங்களைப் பிறர்க்குத் திறந்து காட்டும் வழக்கம் 1929இல் தொடங்கிற்று. இவை நற்செயல்களே. அழகு பகிரப்படுகிறது, அதனால் வரும் பணமும் நல்வழியில் செல்கிறது. இவற்றைக் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை.

ஆயினும் அதே 1927ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்ததை மறத்தல் இயலாது. மகாட் நகரின் சவதார் குளம் எவருடைய வீட்டுத் தோட்டத்திலும் இருந்ததன்று. அது ஊர்ப் பொதுக்குளம். அதனை எல்லோர்க்கும் திறப்பதென நகராட்சி 1924இலேயே தீர்மானித்திருந்தது. எனினும், மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று அந்நீரைக் கையால் அள்ளிப் பருகியபோது, சாதி இந்துக்கள் மக்களைத் தாக்கினர். குளம் தீட்டுப்பட்டதென்று சடங்கு செய்து ‘தூய்மை’ செய்தனர். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்று, 1937இல்தான் நம் பக்கம் தீர்ந்தது. ஒரு நாட்டில் தனியார் தோட்டம் ஒரு ஷில்லிங்கிற்குத் திறந்தது. மற்றொரு நாட்டில் பொதுக்குளம், உயிர்க்கு இன்றியமையாத நீருக்கும் மூடிக் கிடந்தது.

இங்கே இரண்டு அறங்களைப் பிரித்தறிய வேண்டும். பொதுக்குளம் உரிமை, அதனைத் திறந்துவிட்டதற்காக எவர்க்கும் நாம் நன்றி கூற வேண்டுவதில்லை. தனியார் தோட்டம் தானம்; அதனைத் திறக்குமாறு எவரையும் நாம் கட்டாயப்படுத்த இயலாது. உரிமையைத் தானமாகக் காட்டுவது வஞ்சனை. ஆனால் ‘கட்டாயம் இல்லை’ என்பதனால் தன் வாயிலைப் பற்றிச் சிந்திக்கும் கடமையும் ஒருவர்க்கு இல்லை என்றாகிவிடாது.

இதனை வாழ்ந்து காட்டியவர் ஜோதிராவ் பூலே. புனேயின் கிழக்கே, சோலாப்பூர்ச் சாலையில் ஹடப்சர் உள்ளது. அதனை அடுத்த மாஞ்சரியில் அவர் நிலம் வைத்துப் பயிர் செய்தார். தோட்டத் தொழிலுக்குரிய மாலி வகுப்பில் பிறந்தவர் அவர். பேஷ்வாக்களுக்குப் பூ அளித்த குடும்பமாதலின் அப்பெயர் பெற்றது. பூலே என்பது மராத்தியில் பூக்களையே குறிக்கும். ஒடுக்கப்பட்டோர்க்குக் கல்வி அளிக்க முனைந்ததனால் 1849இல் தந்தையின் வீட்டைவிட்டு மனைவி சாவித்ரிபாயுடன் வெளியேற நேர்ந்தது. அத்தகையவர் 1868இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டாதார் எனத் தள்ளப்பட்டோர்க்குத் திறந்துவிட்டார். மகாட் நிகழ்ச்சிக்கு 59 ஆண்டுகள் முற்பட்டது இது. அதற்கு நாள் குறிக்கவில்லை, கட்டணமும் இல்லை. வேறெவரும் திறவாத மக்களுக்கென்றே அவ்வாயில் திறந்தது. பாபாசாகேப் அவர்கள் புத்தரையும் கபீரையும் அடுத்து இவரைத் தம் மூன்றாம் குருவாகக் கொண்டதில் வியப்பென்ன?

நம் தமிழகத்துத் திண்ணையையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும். வழிப்போக்கர் இளைப்பாறுதற்கென நம் முன்னோர் திண்ணை கட்டினர் என்று பெருமை பேசுகிறோம். எந்த வழிப்போக்கர்? சேரியிலிருந்து வந்தவர் அத்திண்ணையில் அமர முடிந்ததா? யாரையும் விலக்காத இடத்தில்தான் ஈகை ஈகையாகிறது.

சேதவனத்தின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். அநாதபிண்டிகர் இளவரசர் சேதரின் சோலையைப் பொற்காசுகளால் பரப்பி விலைக்குக் கொண்டார். வாயிலருகே சிறிது இடம் காசின்றி எஞ்சிற்று. அதற்குப் பொன் வேண்டா என்று கூறி, இளவரசரே அவ்விடத்தைத் தந்து வாயிற்கட்டடமும் அமைத்தார். சோலை விலைக்கு வந்தது. வாயில் மட்டும் விலையின்றி வந்தது. தோட்டம் பொருளால் ஆகும். வாயில் மனத்தால் ஆகும். ‘எனது’ என்னும் பற்று சற்றே தளரும் இடம் அவ்வாயில்தான். ஆதலின் திறப்பவரே வருபவரினும் மிகுதியாகப் பயன் பெறுகிறார்.

இன்றைய ஹடப்சரைப் பார்ப்போம். அங்கே சுமார் 120 உழவர் குடும்பங்கள் 400 ஏக்கர் அளவிலான தம் நிலத்தை ஒன்றுசேர்த்து மகர்பட்டா என்னும் நகரை உருவாக்கின. அதன் நடுவே பெருந்தோட்டமும் உண்டு. உழுதவரே உரிமையாளராக நின்றது போற்றத்தக்கது. எனினும், அங்கும் சென்னையிலும் பெங்களூரிலும் மதில் சூழ்ந்த குடியிருப்புகள் பெருகி வரும் இக்காலத்தில், ஒவ்வொரு வாயிலிலும் அதே பழைய வினா நிற்கிறது. செடிக்கு நீர் ஊற்றும் கை உள்ளே வருகிறது. வேலை முடிந்த பின் அந்தக் கைக்குரியவர் அதே மரநிழலில் அமரலாமா?

இவ்வினாவை நாம் பிறரை நோக்கி மட்டும் எழுப்புதல் போதாது. நம்மவருள்ளும் கல்வியால், உழைப்பால் சொந்த வீடும் சுற்றுச்சுவரும் பெற்றோர் இன்று பலர். முற்றத்தில் ஒரு முருங்கை, வாயிலில் ஒரு மல்லிகைப் பந்தல், ஆழ்குழாய்க் கிணறு ஆகியவை நம்மிடமும் உள்ளன. வெளியே நிறுத்தப்பட்டவரின் பிள்ளைகள் பிறரை வெளியே நிறுத்துவோராக மாறுதற்கு ஒரு தலைமுறையே போதும். குப்பை அள்ள வருபவர்க்குத் தனிக்குவளை வைக்கும் வீடு எவருடையதாயினும், அங்கே மகாடின் குளம் இன்னும் மூடியே கிடக்கிறது.

ஆகவே அன்பர்களே, வைசாகப் பௌர்ணமி நாளில் நம் தோட்டம் பத்தடியே ஆயினும் அதனைத் திறந்து வைப்போம். தெருவைத் தூய்மை செய்வோரையும் நம் வீட்டில் பணிபுரிவோரையும் முதலில் அழைப்போம். அவர்க்கு நாம் அருந்தும் குவளையிலேயே நீர் தருவோம். வெயிற்காலம் முழுதும் வாயிலின் புறத்தே ஒரு குழாயேனும் எவர்க்கும் திறந்திருக்கட்டும்.