புல்மேட்டின் மதிப்பு

ஸ்காபுறோவில், லாரன்ஸ் அவெனியூவுக்கும் பெல்லமி வீதிக்கும் அருகே டேபர் ஹில் என்றொரு புல்மேடு இருக்கிறது. வேலைக்கு விரையும் நம்மில் பலர் அதைக் கடந்து போகிறோம். விரையும் மனதுக்கு அது வெறும் புல். விரையும் மனதுக்கு எல்லாமே வெறும் புல்தான்.

1956இல், சாலைப் பணிக்கு மண் எடுக்க இந்த மேட்டை வெட்டினார்கள். கிளறிய மண்ணில் மனித எலும்புகள் தெரிந்தன. ஐரோப்பியர் வருமுன் இங்கே வாழ்ந்த பூர்வகுடிகள், தம்மவர் ஏறத்தாழ 500 பேரை ஒன்றாக அடக்கம் செய்த இடம் அது. வேலை நின்றது. எலும்புகள் அதே மேட்டுக்குத் திரும்பின. வெறும் மண் என்று நினைத்தது ஒரே நாளில் புனித நிலமானது. மண் மாறவில்லை, பார்த்த மனம் மாறியது.

இப்படி ஒன்றாக அடக்கம் செய்வது வெண்டாட் என்ற பூர்வகுடி மக்களின் மரபு. ஊர் இடம்பெயரும்போது, தனித்தனியே புதைத்த உறவுகளின் எலும்புகளை எடுத்து, அன்போடு தூய்மை செய்து, ஒரே குழியில் சேர்ப்பார்கள். எனது, உனது என்ற பிரிவினை அங்கே கரைந்துவிடும். ஆசை கரையும் இடமும் அதுவே.

மண்ணுக்கடியில் பழைய தடயம் இருக்கிறதா என்று அறிய, ஒன்ராறியோவில் இன்று, உழ முடியாத புல்வெளியைத் தொல்லியலாளர் மதிப்பிடும் முறையைப் பாருங்கள். 5 மீட்டருக்கு ஒரு சிறு குழி. எடுத்த மண்ணை 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிக்கிறார்கள். பிறகு குழியை மூடுகிறார்கள். பல குழிகளில் ஒன்றும் கிடைப்பதில்லை. அடுத்த குழிக்கும் அதே பொறுமைதான். தியானமும் இப்படித்தான். ஒன்றும் அகப்படாத நாளிலும் மெல்லச் சலித்துப் பார்த்து, மனதை மீண்டும் சமன் செய்துவிட்டு எழுகிறோம்.

ஆனால் எல்லா மதிப்பும் தோண்டித் தெரிவதில்லை. என்ன கிடைக்கும் என்று கேட்கிற மனம் நிலத்துக்கு விலைதான் சொல்லும். கேள்வி அடங்கிய மனமே அதன் மதிப்பை உணரும். அறிந்த பின் தொடாமல் விடுவதும் ஒரு ஞானம். டேபர் ஹில்லுக்கு அந்த ஞானம் வாய்த்தது.

முன்னோர் உறங்கும் மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். அந்த மண்ணின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த முறை டேபர் ஹில் வழியே போகையில் சற்று நில்லுங்கள். எதையும் வேண்டாமல், எதையும் தேடாமல் நின்று, நமக்கு முன் இங்கே வாழ்ந்தவர்களை வணங்குங்கள். அந்த வணக்கத்திலேயே மனம் அமைதி கொள்ளும்.